உடம்பைத் தாங்கும் திண்டு: அளவெடுப்பது முதல் பஞ்சு அடைப்பது வரை

திண்டு பார்ப்பதற்கு எளிய பொருள். நீளமான ஒரு துணிக்குழாய், இரண்டு முனையிலும் வட்ட மூடி, உள்ளே பஞ்சு. அதனாலேயே முதன்முறை தைப்பவர்கள் துணியின் நிறத்துக்கும் பூவேலைக்கும் மெனக்கெட்டுவிட்டு, உள்ளே போகிற பஞ்சைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சில வாரங்களில் நடுவில் குழி விழுந்து, முனைகள் தொங்கிப்போய், திண்டு என்று சொல்லவே முடியாத ஒன்று மிஞ்சும். சோபாவில் அழகுக்கு வைப்பதாக இருந்தால் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. முதுகையோ முழங்காலையோ அதன்மேல் போடப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மேலே விழும் எடையை வாங்கிக்கொண்டு வடிவம் குலையாமல் கிடப்பது மட்டுமே திண்டின் வேலை. அளவு, துணி, தையல், பஞ்சு எல்லாவற்றையும் அந்த வேலையை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தையல் மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்துவிடலாம். வட்டத்தைக் குழாயோடு சேர்க்கும் இடம் ஒன்றுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். அதை விரிவாகவே சொல்கிறேன்.

துணி வாங்குமுன் போர்வையைச் சுருட்டுங்கள்

கத்தரியை எடுப்பதற்கு முன்பு ஒரு ஒத்திகை. கனமான போர்வைகள் இரண்டு மூன்றை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, உங்களுக்கு வேண்டிய நீளம் வரும்படி மடித்து, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். சுருட்டும்போது தளர்வாக விட்டால் பயனில்லை; முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுருட்ட வேண்டும். நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் நாடாவால் கட்டிவிடுங்கள். இதுதான் உங்கள் தற்காலிகத் திண்டு.

இதை நான்கைந்து நாள் பயன்படுத்திப் பாருங்கள். உயரமாகத் தெரிந்தால் ஒரு போர்வையை உருவுங்கள், தாழ்வாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். உடம்புக்குச் சுகமாக அமைந்த நாளில் இஞ்ச் டேப்பை எடுத்துச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். கடையில் கிடைக்கும் திண்டுகள் எல்லோருக்கும் ஒரே அளவில் வருகின்றன. உங்கள் முதுகும் இடுப்பும் அப்படி இல்லை. வீட்டில் தைப்பதன் லாபமே இந்த ஒத்திகையில்தான் இருக்கிறது. சிலருக்குப் போர்வைச் சுருளே போதும் என்று தோன்றிவிடுவதும் உண்டு. அப்படித் தோன்றினால் நல்லது, தைக்கவே வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குச் சில அளவுகள். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் வைப்பதற்கு 5 அல்லது 6 அங்குல விட்டமும், இரண்டு முழங்காலும் இடுப்பு அகலத்துக்கு விலகி அமர 24 அங்குல நீளமும் வேண்டும். நாற்காலியில் இடுப்புக்குப் பின்னால் செருகுவதற்கு 4 அங்குல விட்டத்துக்கு மேல் போகாதீர்கள். நீளம் 15 அங்குலம் இருந்தால் சரி. ஒருக்களித்துப் படுத்துக் கட்டிக்கொள்ள, மார்பிலிருந்து கணுக்கால் வரை எட்டும்படி நீளமாக வேண்டும், பஞ்சையும் சற்று இளக்கமாக அடைக்க வேண்டும். முதுகுத்தண்டு நெடுகத் தாங்கும்படி சாய்ந்து படுப்பதற்கு 9 அங்குல விட்டமும் 26 அங்குல நீளமும் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். உட்கார்ந்த நிலையில் கீழ்முதுகிலிருந்து உச்சந்தலை வரை அளந்து பார்த்தால் அந்த நீளம் ஏன் என்று புரியும்.

இந்தக் கடைசி அளவை வைத்துத்தான் கீழே கணக்குப் போடுகிறேன். வேறு அளவு வேண்டுமானால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

துணி

உள்ளுறை, மேலுறை என்று இரண்டு வேண்டும். உள்ளுறைதான் பஞ்சின் தள்ளலைத் தாங்குகிறது. மேலுறை அழுக்கை வாங்கிக்கொள்வதற்கு. ஆனால் துணி தேர்வில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மேலுறைக்கு நல்ல துணி, உள்ளுறைக்குப் பழைய வேட்டி. பழந்துணி கெட்டியாக அடைத்த பஞ்சின் முன்னால் நிற்காது.

உள்ளுறைக்கு நெருக்கமாக நெய்த காடாத்துணி போதும், புதியதாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக ஒளி தெரிந்தால் சாதாரணப் பஞ்சுக்குச் சரி, இலவம்பஞ்சுக்குச் சரிவராது. இலவம்பஞ்சின் வழவழப்பான இழைகள் அந்த ஓட்டைகள் வழியே வெளியே வந்துகொண்டே இருக்கும். மேலுறைக்கு டிரில், கேன்வாஸ், கெட்டியான பருத்தித் துணி எதுவானாலும் நன்றாக இருக்கும். சாட்டினும் பட்டும் வழுக்கும். சாய்ந்தவர் மெல்ல மெல்லக் கீழே சரிந்துவிடுவார். பனியன் துணிபோல இழுபடும் துணியும் கூடாது.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். மேலுறை விஷயத்தில் இதைத் தவிர்த்தால் முதல் சலவைக்குப் பிறகு உறைக்குள் திண்டு நுழையாது.

வெட்டும் கணக்கு

தையலுக்கு எல்லா ஓரத்திலும் அரை அங்குலம் விடுவோம். 9 அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு 9 × 3.14, அதாவது 28¼ அங்குலம். இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை சேர்த்தால் 29¼. நீளம் 26, தையலுக்கு 1, மொத்தம் 27. ஆக உடல்பகுதிக்கு 29¼ × 27 அங்குலச் செவ்வகம் ஒன்று. மூடிகளுக்கு 10 அங்குல விட்டத்தில் இரண்டு வட்டங்கள்.

செவ்வகத்தை எந்தப் பக்கமாக வெட்டுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு உருளைக்கு உள்ளேயிருந்து அழுத்தம் கொடுத்தால், சுற்றுவாட்டில் விழும் இழுவிசை நீளவாட்டில் விழுவதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அடைத்த திண்டிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. நெய்த துணியில் பாவு நூல், ஊடை நூலைவிடப் பொதுவாக உறுதியானது, குறைவாக இழுபடுவது. எனவே 29¼ அங்குலப் பக்கம் பாவு ஓடும் திசையில், அதாவது துணியின் கரையோரமாக வர வேண்டும். கெட்டியாக அடைத்த திண்டு பிரியும்போது நீளத் தையலில்தான் பிரியும் என்பதற்கும் காரணம் இதுதான். அந்தத் தையலை இரட்டையாகப் போடச் சொல்லப் போகிறேன்.

44 அங்குல அகலத் துணியில் 27 அங்குலம் செவ்வகத்துக்குப் போனால் பக்கத்தில் 17 அங்குலம் மிஞ்சும். அதில் இரண்டு வட்டங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடங்கிவிடும். ஆக உள்ளுறைக்கு 1 மீட்டர் துணி வாங்கினால் சுருங்குவதற்கும் இடமிருக்கும். மேலுறைக்கும் அதே அளவு போதும், ஆனால் வெட்டுவதற்கு இப்போது அவசரப்படாதீர்கள்.

வட்டம் வரைய, நூலின் ஒரு முனையில் பென்சிலைக் கட்டி, 5 அங்குலத் தூரத்தில் குண்டூசியை ஊன்றிச் சுற்றினால் வந்துவிடும். முதலில் தாளில் வரைந்து வெட்டி, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவது நல்லது. இரண்டு வட்டமும் ஒன்றுபோல இருக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வரைபவர்களும் இருக்கிறார்கள். தட்டின் விட்டம் 10 அங்குலம்தானா என்று அளந்து பார்த்துவிட்டு வரைந்தால் அதுவும் சரியே.

உள்ளுறையைத் தைப்பது

ஊசி 14 அல்லது 16 எண். பாலியஸ்டர் நூல். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். மெல்லிய பருத்தி நூல் இந்த வேலைக்கு வேண்டாம்.

முதல் வேலை, 29¼ அங்குல நீளமுள்ள இரண்டு ஓரங்களிலும், விளிம்பிலிருந்து ⅜ அங்குலம் உள்ளே தள்ளி ஒற்றைத் தையல் ஓட்டுவது. இது எதையும் சேர்ப்பதற்கான தையல் இல்லை. வெட்டு ஆழமாகப் போகாமல் தடுக்கும் காவல். அது முடிந்ததும் அந்த ஓரங்களில் முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக, விளிம்பிலிருந்து இந்தத் தையல் வரை சின்னச் சின்ன வெட்டுகள் போடுங்கள். தையலைத் தாண்டக் கூடாது. நேரான ஓரம் வட்டத்தைச் சுற்றி வளைய வேண்டும், வெட்டுகள் விரிந்து கொடுத்தால்தான் வளையும். இந்த வேலையைச் சோம்பலால் விட்டவர்களின் திண்டுகளில் முனை முழுக்கச் சுருக்கமாக இருக்கும்.

அப்புறம் செவ்வகத்தின் நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, 27 அங்குல ஓரங்களைச் சேருங்கள். ஒரு முனையிலிருந்து 8 அங்குலம் தைத்து நிறுத்துங்கள். மறுமுனையிலிருந்தும் அப்படியே. நடுவில் 11 அங்குல வாய் திறந்திருக்கும். பஞ்சு போவது அதன் வழியாக. தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டுங்கள். தைத்த பகுதிகளில் முதல் தையலுக்கு வெளியே, விளிம்பை ஒட்டி இன்னொரு தையல். திறந்த வாயின் இரண்டு ஓரங்களையும் அரை அங்குலம் மடித்து இஸ்திரி போட்டு வைத்தால், கடைசியில் கையால் மூடும்போது கோடு நேராக வரும்.

வாயை நீளத் தையலில் வைக்காமல் முனை வட்டத்தில் விட்டு, அடைத்த பிறகு வட்டத்தைக் கையால் தைப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவருவதில்லை. பஞ்சு பிதுங்கிக்கொண்டிருக்கும்போது 28 அங்குல வட்டத்தைக் கையால் தைப்பது பெரும்பாடு, அழகாகவும் வராது. நடுவில் வாய் இருந்தால் கை இரண்டு முனைக்கும் எட்டும்.

இப்போது வட்டம். வட்டத்தை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, நான்கு இடங்களில் விளிம்பில் சாக்பீஸ் குறி போடுங்கள். குழாயின் முனை ஓரத்தையும் அதேபோல் நான்காகப் பிரித்துக் குறியுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். பிறகு குறிகளுக்கு இடையில் நெருக்கமாகக் குத்துங்கள். இந்தக் கட்டத்தில் துணி ஒரு பக்கம் கொஞ்சம் மிஞ்சுவதுபோலத் தெரிந்தால், கால் அங்குலம் வரை பரவாயில்லை, ஊசிகளுக்கு இடையில் பகிர்ந்து அடக்கிவிடலாம். அதற்கு மேல் மிஞ்சினால் மடிப்பு வைத்து மறைக்காதீர்கள். நீளத் தையலை அதில் பாதி அளவுக்கு உள்ளே தள்ளிப் போட்டுச் சரிசெய்யுங்கள்.

மெஷினில் வைக்கும்போது வட்டம் அடியில், வெட்டுப் போட்ட குழாய் ஓரம் மேலே. வெட்டுகள் எப்படி விரிகின்றன, எங்கே மடிப்பு விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை ஊசி துணிக்குள் இருக்கும்போதே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைச் சற்றுத் திருப்பி, மறுபடி பாதத்தை இறக்குங்கள். கையால் வட்டத்தை இழுத்து வளைக்க வேண்டாம், இழுத்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஒரு சுற்று முடிந்ததும் நல்ல பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது மடிப்பு சிக்கியிருந்தால் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தை மட்டும் பிரித்துத் தைக்கலாம். சரியாக இருந்தால் அதே கோட்டில் இரண்டாவது சுற்று. மறுமுனையும் இப்படியே. பிறகு நடுவாய் வழியாக வெளியே புரட்டிவிடுங்கள்.

எதை அடைப்பது

இந்த 9 × 26 அளவுத் திண்டின் உள்ளே ஏறத்தாழ 27 லிட்டர் இடம் இருக்கிறது. வெறுமனே பஞ்சைத் திணித்தால் அரைக் கிலோவிலேயே நிறைந்ததுபோலத் தோன்றும். அங்கே நிறுத்தினால் அது தலையணை. எடை தாங்கும் திண்டுக்குப் பருத்திப் பஞ்சானால் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை உள்ளே போகும். வாங்கும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திப் பஞ்சு கனமானது, அழுந்தினால் அழுந்தியபடி கெட்டிப்படும். குஷனுக்கு அது குறை, திண்டுக்கு அதுவே நிறை. பழைய மெத்தையிலிருந்து எடுத்த பஞ்சையும் பயன்படுத்தலாம். கட்டிகளைக் கையால் பிய்த்து உதிர்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

இலவம்பஞ்சின் இழை உள்ளே கூடானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. அதனால் எடை குறைவு, தண்ணீரை இழுக்காது. ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவை அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். அடிக்கடி தூக்கி இடம் மாற்ற வேண்டிய திண்டுக்கு நல்ல தேர்வு. இரண்டு எச்சரிக்கைகள்: அடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், நுண்ணிழை காற்றில் பறக்கும். இன்னொன்று, இது சட்டென்று தீப்பற்றும். விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பாலியஸ்டர் நாரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. துவைக்கலாம், தூசி குறைவு, ஆனால் எடை விழுந்தால் பள்ளமாகிவிடும். கால்மாட்டில் வைக்கும் சின்னத் திண்டுக்குப் பரவாயில்லை. ஃபோம் உருளை வடிவம் குலையாது, ஆனால் உடம்பை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், காற்றும் போகாது. தையல் மிச்சத் துண்டுகளைப் பொடிப்பொடியாக வெட்டி அடைத்தால் கல்மாதிரி கெட்டியான திண்டு கிடைக்கும், கனமும் அப்படித்தான்.

அடைப்பது

திண்டு நன்றாக அமைவதும் வீணாவதும் இங்கேதான். ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள்.

பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்து, விரல்களால் உதிர்த்துப் போட வேண்டும். பந்தாக உருட்டிப் போட்டால் பிற்பாடு ஒவ்வொரு பந்தும் தனித்தனிக் கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். முதலில் ஒரு முனை. வட்டமும் குழாயும் சேரும் அந்த மூலை விளிம்பைச் சுற்றிலும் பஞ்சை வைத்து, மொண்ணையான மரக்கட்டையாலோ உருட்டுக்கட்டையாலோ இடித்து இறுக்குங்கள். விளிம்பு நிறைந்த பிறகே வட்டத்தின் நடு. நடுவை முதலில் அடைத்தால் அது குவிந்து நிற்கும், விளிம்பு கடைசிவரை தொய்வாகவே இருக்கும். ஒரு முனையில் ஆறேழு அங்குல ஆழத்துக்கு அடைத்ததும் மறுமுனைக்குப் போங்கள். இரண்டு முனைகளும் கெட்டியான பிறகு நடுப்பகுதி.

நடுவை அடைக்கும்போது அவ்வப்போது வாயைக் கையால் பிடித்துக்கொண்டு தரையில் முன்னும் பின்னும் உருட்டுங்கள், திருப்பிப்போட்டு மறுபக்கமும் உருட்டுங்கள். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் உருளும்போதே தெரிந்துவிடும், திண்டு நொண்டும். உள்ளங்கையால் நெடுக அமுக்கிப் பார்த்து, பள்ளம் தெரியும் இடத்தில் கையை உள்ளே விட்டு நிரப்புங்கள்.

பஞ்சு தகடு தகடாகக் கிடைத்தால் வேறு வழியும் உண்டு. திண்டின் நீளத்துக்கு விரித்து, இறுக்கிச் சுருட்டி, நூலால் சுற்றி, ஒரு கட்டாகவே உள்ளே நுழைத்துவிடலாம். கட்டி விழாது. ஆனால் இதற்கு உள்ளுறையின் வாய் முனையில் இருந்தாக வேண்டும், வட்டத்தைக் கையால் தைக்கவும் துணிய வேண்டும்.

போதும் என்று தோன்றும்போது வாயைக் குண்டூசியால் தற்காலிகமாக மூடி, அதன்மேல் ஏறி உட்காருங்கள். 9 அங்குல உயரம் 7க்குக் கீழே இறங்கினால் இன்னும் பஞ்சு வேண்டும். இறங்கவே இல்லையென்றால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். மரக்கட்டைமேல் முதுகைச் சாய்த்து யாராலும் பத்து நிமிடம் படுக்க முடியாது. சரியாக வந்ததும் அப்படியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் பஞ்சு இறங்கியிருக்கும். இன்னும் ஒன்றிரண்டு கைப்பிடி போகும். அதையும் போட்டுவிட்டு, இரட்டை நூலில் நெருக்கமாகப் பின் தையல் போட்டு வாயை மூடுங்கள். நீளத் தையல்தான் அதிக இழுவிசை தாங்குவது என்பதை நினைவில் வைத்து, இந்தக் கைத்தையலில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

மேலுறை

இப்போது மறுபடி அளவெடுங்கள். அடைத்த பிறகு சுற்றளவு கொஞ்சம் கூடியிருக்கும், முனைகள் குவிந்திருக்கும். தாளில் போட்ட கணக்கை நம்பி மேலுறையை முன்பே வெட்டியிருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். திண்டின் நடுவில் டேப்பைச் சுற்றி வரும் அளவோடு தையலுக்கு 1 அங்குலம் மட்டும் சேருங்கள். தளர்ச்சிக்கு என்று கூடுதலாக எதுவும் வேண்டாம், மேலுறை இறுக்கமாக உட்கார்ந்தால்தான் சுருக்கம் விழாது. புதிய சுற்றளவை 3.14 ஆல் வகுத்து, 1 சேர்த்தால் வட்டத்துக்கான விட்டம்.

நீளத் தையலில் 24 அங்குல ஜிப். முதலில் அந்தத் தையல் முழுவதையும் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டி, ஓரங்களை விரித்து இஸ்திரி போட்டு, ஜிப்பைக் கவிழ்த்து வைத்து இரண்டு பக்கமும் தைத்து, பிறகு தற்காலிகத் தையலைப் பிரித்துவிடுங்கள். ஜிப்பின் இரண்டு முனைக்கும் அப்பால் மிஞ்சும் அங்குலங்களை மட்டும் உறுதியாகத் தைக்க வேண்டும். வட்டங்களைச் சேர்க்கும் முன்பு ஜிப்பைப் பாதியாவது திறந்துவிடுங்கள். மறந்தால் எல்லாம் தைத்து முடித்தபின் உறையைப் புரட்ட வழியே இருக்காது.

தூக்குவதற்குக் கைப்பிடி வேண்டுமானால், 8 அங்குலப் பருத்தி நாடாவை ஒரு வட்டத்தின் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் முதலில் தைத்துவிட்டு, பிறகு வட்டத்தைக் குழாயோடு சேருங்கள். வட்டத்தின் விளிம்புத் தையலில் பைப்பிங் (துணி சுற்றிய கயிறு) வைப்பது உங்கள் ஆசை. முதல் திண்டில் வைக்காமல் இருந்தால் நிம்மதி.

எங்கே, எப்படி வைப்பது

மல்லாந்து படுக்கும்போது கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது என்பவர்கள் முழங்காலுக்கு அடியில் வைத்துப் பார்க்கலாம். முழங்கால் சற்று மடங்கினால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் தளரும், கீழ்முதுகின் வளைவு குறைந்து படுக்கையோடு படியும். குதிகால்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் திண்டு உயரம் அதிகம்.

ஒருக்களித்துப் படுப்பவர்கள் திண்டை முழங்கால்களுக்கு நடுவில் மட்டும் வைத்தால் பாதி வேலைதான் ஆகும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மேல்கால் முழுவதும் திண்டின்மேல் கிடக்க வேண்டும். இல்லையென்றால் பாதம் கீழே தொங்கி, இடுப்பைத் திருகிக்கொண்டே இருக்கும். கர்ப்பிணிகளை, குறிப்பாக 28 வாரத்துக்குப் பிறகு, ஒருக்களித்துத் தூங்கவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு திண்டு வைத்தால் தூக்கத்தில் மல்லாந்து திரும்புவது குறையும்.

யோகப் பயிற்சிக்குத் திண்டு, நாடா, மரக்கட்டை போன்ற துணைப்பொருள்களைக் கொண்டுவந்து பரவலாக்கியவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). ஆசனத்தில் உடம்பைத் திண்டு தாங்கிக்கொண்டால் தசைக்கு வேலை குறையும், அதிக நேரம் இருக்க முடியும். தொடங்குபவர்களுக்கு ஏற்றது சாய்ந்து படுக்கும் நிலைதான். திண்டை நெடுக்குவாட்டில் வைத்து, அதன் முனைக்கு முன்னால் தரையில் உட்காருங்கள். கீழ்முதுகு திண்டின் முனையைத் தொட வேண்டும், புட்டம் தரையில் இருக்க வேண்டும். கைகளை ஊன்றி மெல்லப் பின்னால் சாயுங்கள். தலைக்கு அடியில் மடித்த போர்வை ஒன்று அவசியம். நெற்றி தாடையைவிடச் சற்று உயரமாக இருந்தால் கழுத்து இளகும். கால்களை நீட்டலாம், அல்லது பாதங்களைச் சேர்த்து முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, இரண்டுக்கும் அடியில் சுருட்டிய போர்வை கொடுக்கலாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பதினைந்து வரை போகலாம். கீழ்முதுகில் வலி தெரிந்தால் திண்டு உயரம் அதிகம் என்று பொருள். எழும்போது நேராக எழாதீர்கள். ஒரு பக்கமாக உருண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

முழங்காலிட்டு முன்னால் குனிந்து திண்டைக் கட்டிக்கொண்டு படுப்பதும் எளிது. ஒரு கன்னத்தை வைத்தால், பாதி நேரத்தில் தலையை மறுபக்கம் திருப்ப மறக்காதீர்கள். திண்டை இடுப்புக்கு அடியில் வைத்துக் கால்களைச் சுவரில் உயர்த்தும் நிலை, கண்ணில் அழுத்தநோய் இருப்பவர்களுக்கும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

வேறு சில இடங்களிலும் திண்டு கூடாது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு, சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் எதையும் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகி, காலை முழுதாக நீட்ட முடியாமல் போகலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் திண்டு, தலையணை எதுவுமே இருக்கக் கூடாது, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. உருண்டு விழாமல் இருக்கப் பக்கத்தில் அணை கொடுக்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி.

பராமரிப்பு

மேலுறையை மட்டும் துவையுங்கள். தூசிப்பூச்சி ஒவ்வாமை இருப்பவர்கள் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது. பஞ்சு அடைத்த உள்ளுறை தண்ணீர் படக் கூடாதது. அவ்வப்போது வெயிலில் போட்டு, திருப்பிப்போட்டு, தட்டி எடுத்தால் போதும். தினமும் ஒரே பக்கம் மேலே வரும்படி வைக்காமல் கொஞ்சம் சுழற்றி வையுங்கள். அலமாரியில் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி நிறுத்தினால் தட்டையாகாது.

பருத்திப் பஞ்சு சில மாதங்களில் மேலும் அழுந்தும். மேலுறை தளர்ந்து, கையால் கிள்ளினால் துணி பிடிபடுகிறது என்றால் நடுவாயின் கைத்தையலைப் பிரித்து இன்னும் ஒரு கால் கிலோ உள்ளே அனுப்புங்கள். அடைத்து மிஞ்சிய பஞ்சை முதல் நாளே ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருந்தால் அப்போது தேடி அலைய வேண்டியதில்லை.